நிற்க ஓர் இடம்

2009 மார்ச் 5. அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் செயின்ட் மாத்யூஸ் என்கிற சின்ன ஊர். அங்கே மூடிக்கிடந்த ஒரு பழைய பெட்ரோல் பங்க். அதன் முற்றத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது.

டிரைவர் பெயர் ஜேசன் ரிவன்பர்க். வயது 35. நியூயார்க் மாநிலத்துக்காரர். லாரியில் பால் லோடு. இறக்க வேண்டிய கிடங்கு இன்னும் 12 மைல்தான். ஆனால், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். சீக்கிரம் வந்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். அந்தத் தொழிலில் அப்படி இல்லை. முன்னால் வருகிற லாரியைப் பல கிடங்குகளில் உள்ளே விடமாட்டார்கள். அப்புறம் வா. அதுவரை எங்கே நிற்பது? அது உன் பாடு.

பக்கத்தில் பாதுகாப்பாக லாரியை நிறுத்த வேறு இடம் இல்லை. இந்தப் பாழடைந்த பங்க் பரவாயில்லை என்று மற்ற டிரைவர்கள் பேசிக்கொள்வது வழக்கம். அதை நம்பி நிறுத்தினார். எவனோ ஒருவன் வந்தான். சுட்டான். ரிவன்பர்க்கிடம் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எவ்வளவு தெரியுமா? 7 டாலர்.

அவர் மனைவி அப்போது நிறைமாத கர்ப்பிணி. இரட்டைக் குழந்தைகள். இரண்டு வாரத்துக்குள் பிறந்துவிட்டன.

கொலைகாரன் பிடிபட்டான், தண்டனையும் கிடைத்தது. அந்தக் கதை அதோடு முடிந்தது. எனக்கு உறுத்துவது வேறு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை காலி நிலம் கிடக்கிற தேசம் அது. சாலைக்குப் பேர் போன தேசம். அங்கே ஒரு லாரிக்காரருக்கு நாலு மணி நேரம் கண்மூட இடம் கிடைக்கவில்லை என்றால் எங்கேயோ இடிக்கிறதே?

இடித்தது எங்கே என்று தேடிப் போனால், கதை 1914-ல் ஒரு படகில் ஆரம்பிக்கிறது.

டெட்ராய்ட் நகரம். ஃப்ரெடரிக் சிப்ளி என்று ஒரு மரவியாபாரி. அவரிடம் ஒரு படகு இருந்தது. கோடை விடுமுறைக்கு அதை வடக்கே ஏரிக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டும். குதிரை வண்டியில் போனால் விடுமுறையே முடிந்துவிடும். எனவே, ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்கிற கொல்லரிடம் போனார். என்னுடைய ஃபோர்டு காருக்குப் பின்னால் படகை மாட்டிக்கொண்டு போகிற மாதிரி ஏதாவது செய்து கொடு என்றார்.

ஃப்ரூஹாஃப் செய்து கொடுத்த வண்டிக்குப் பின்னால் மட்டும்தான் சக்கரம். முன்பக்கம் காரின் முதுகில் சாய்ந்துகொள்ளும். பாதிப் பாரம் தன் காலில், பாதி அடுத்தவன் தோளில். இதற்கு 'செமி ட்ரெய்லர்' என்று பேர் வைத்தார். சிப்ளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். படகை ஏரியில் விட்டுவிட்டு வந்ததும், கடைக்கு மரம் ஏற்றவும் இதேபோலச் செய்து கொடு என்று ஆர்டர் கொடுத்துவிட்டார். ஃப்ரூஹாஃப் கம்பெனி பிற்பாடு அமெரிக்காவின் பெரிய ட்ரெய்லர் கம்பெனிகளில் ஒன்றானது.

அருமையான யோசனைதான். இஞ்சின் ஒரு பக்கம், சரக்கு ஒரு பக்கம். ஒரு ட்ரெய்லரில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் வண்டி இன்னொன்றை இழுத்துக்கொண்டு ஓடும். முதல் போட்டவனுக்கு லாபம். முன்னால் ஓடுகிறவரையில் எந்தப் பிரச்னையும் இல்லை.

பின்னால் வரும்போதுதான் தெரியும் சங்கதி.

நீங்கள் கார் ஓட்டுபவர் என்றால், ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினால் வால் எந்தப் பக்கம் போகும் என்று கைக்குத் தெரியும். செமி ட்ரெய்லரில் எல்லாம் தலைகீழ். வலது பக்கம் ஒடித்தால் ட்ரெய்லரின் வால் இடது பக்கம் போகும். கொஞ்சம் அதிகமாக ஒடித்துவிட்டால் வண்டி கத்தி மடங்குகிற மாதிரி மடங்கிக்கொள்ளும். முன்னால் போய்த் திரும்பும்போதோ வேறு கூத்து. முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகாது. குறுக்கே உள்வாங்கிக்கொண்டு போகும். மூலையில் எது இருந்தாலும் அது காலி. நடைமேடையோ, குப்பைத்தொட்டியோ, இன்னொரு லாரியின் மூக்கோ.

நம் ஊரில் இதற்கு ஒரு அவதார புருஷர் இருக்கிறார். கிளீனர். இறங்கிப் பின்னால் போய் நின்று, 'வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடி... ஹோல்டான்!' என்று தகரத்தைத் தட்டுவார். அமெரிக்க லாரியில் கிளீனர் கிடையாது. டிரைவர் தன்னந்தனி ஆள். அதனால் அங்கே டிரைவிங் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற முதல் மந்திரம், 'இறங்கிப் பார்' என்பது. ரிவர்ஸ் எடுக்குமுன் இறங்கு. பின்னால் போய்ப் பார். ஏறு. கொஞ்சம் எடு. சந்தேகமா? மறுபடி இறங்கு. மழையோ, பனியோ, நடுராத்திரியோ. வேறு வழியில்லை.

ஆரம்ப காலத்தில் இதெல்லாம் பெரிய தொந்தரவாகவே தெரியவில்லை. லாரிகள் சின்னவை. மண் தரை எங்கும் இருந்தது. 1928-ல் சிகாகோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் நடுவே, 66-ம் எண் நெடுஞ்சாலையில் மெக்லீன் என்கிற ஊரில் ஒரு மெக்கானிக் ஷெட்டின் மூலையில் மாமனாரும் மருமகனுமாக சாண்ட்விச் கடை போட்டார்கள். உட்கார ஆறே ஸ்டூல். பேர் 'டிக்ஸி டிரக்கர்ஸ் ஹோம்'. லாரிக்காரர்களுக்காகவே நடந்த ஆரம்பகால இடங்களில் ஒன்று இது. ராத்திரி பகல் பாராமல் நடந்தது. 1965-ல் தீப்பிடித்தபோது ஒரு நாள் மட்டும் மூடினார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். முற்றத்தில் கோடு கிடையாது, அம்புக்குறி கிடையாது. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிறுத்தலாம். அடைத்து நின்றால் உள்ளே வந்து, 'அந்தப் பச்சை வண்டி யாருது?' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

பிறகு இரண்டு சட்டங்கள் வந்தன. இரண்டுமே நல்ல எண்ணத்தில் வந்தவை. இரண்டும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாவது, தூக்கம் பற்றியது. தொடர்ந்து ஓட்டித் தூங்கிவிழுந்து செத்தவர்கள் ஏராளம். 1930-களின் கடைசியில் மத்திய அரசு கணக்குப் போட்டுக் கொடுத்தது. 10 மணி நேரம் ஓட்டலாம். பிறகு 8 மணி நேரம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும். சரியான சட்டம். ஆனால் எங்கே ஓய்வெடுப்பது? அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாவது, சாலை பற்றியது. 1956 ஜூன் 29-ம் தேதி அதிபர் ஐசனோவர் கையெழுத்துப் போட்ட நெடுஞ்சாலைச் சட்டம். 41,000 மைல், நம் கணக்கில் சுமார் 66,000 கிலோமீட்டர். சிக்னல் இல்லாத, குறுக்கே யாரும் வராத, கடல் விட்டுக் கடல் போகிற சாலைகள். அந்தச் சட்டத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது. இந்தச் சாலைக்குச் சொந்தமான நிலத்தில் பெட்ரோல் பங்க், ஓட்டல் எதுவும் கூடாது.

ஏன்? 1940-ல் திறந்த பென்சில்வேனியா சுங்கச் சாலையில் இதெல்லாம் இருந்தது. அங்கே உள்ளே இடம் பிடித்தவன்தான் ராஜா. வண்டி வெளியே போகாமல் அவனிடமே டீசல் போட்டு, அவனிடமே சாப்பிட்டுப் போகும். ஏகபோகம். புதிய சாலைகள் ஊருக்கு வெளியே போகப் போகின்றன, ஊரில் கடை வைத்திருப்பவன் கதி என்ன என்ற பயமும் இருந்தது. அதனால்தான் தடை. கடை வேண்டுமானால் சாலையைவிட்டு இறங்கி ஊர்ப் பக்கம் போ.

வியாபாரக் கண்ணோட்டத்தில் பார்த்தால் நியாயம்தான். ஆனால் விளைவு என்ன ஆயிற்று பாருங்கள். அரசாங்கத்தின் ஓய்விடங்களில் கழிப்பறையும் நாலு பெஞ்சும் மட்டும். பிற்பாடு தானியங்கி பிஸ்கட் மெஷின் வைக்க மனமிரங்கினார்கள். அதை நடத்தும் உரிமையில் பார்வையற்றவர்களுக்கு முன்னுரிமை என்று சட்டம் போட்டதை மட்டும் பாராட்டியே ஆகவேண்டும். வருமானமே இல்லாத இடத்தைப் பெரிதாக்க எந்த மாநிலத்துக்கு ஆர்வம் வரும்? பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் கத்தரிப்பது இதைத்தான். ரிவன்பர்க் இறந்த அதே 2009-ல் வர்ஜீனியா மாநிலம் பணமில்லை என்று 19 ஓய்விடங்களை இழுத்து மூடியது. அடுத்த வருஷம் திறந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஆக, நிறுத்தும் இடம் என்பது பெரும்பாலும் தனியார் டிரக் ஸ்டாப்காரர்களின் பொறுப்பாகிப் போனது. அவர்கள் தர்மத்துக்குக் கடை நடத்தவில்லை. நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். வாருங்கள், முதலாளியின் இடத்தில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இன்றைய அமெரிக்க லாரியின் நீளம், முன் வண்டியும் 53 அடி ட்ரெய்லரும் சேர்த்து, 70 அடிக்கு மேல். நம் மாநகரப் பேருந்து இரண்டை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தினால் வருகிற நீளம். அகலம் எட்டரை அடி. ஒரு லாரி நிற்க 12 அடி அகலம், 75 அடி நீளம் என்று கோடு போட்டால் 900 சதுர அடி. சென்னையில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். இது வெறுமனே நிற்பதற்கு மட்டும். உள்ளே வந்து, திரும்பி, வெளியே போக வழி வேண்டுமே? அது தனி.

இந்த நிலத்திலிருந்து முதலாளிக்கு என்ன வருமானம்? நேரடியாக ஒன்றுமில்லை. டீசலில் வரும், சாப்பாட்டில் வரும், குளியலறையில் வரும். நிறுத்துவது காலங்காலமாக இலவசம். தூங்குகிறவன் எதுவும் வாங்குவதில்லை. அதனால் முதலாளியின் மனசு என்ன சொல்லும்? இருக்கிற இடத்தில் எத்தனை கோடு போட முடியுமோ அத்தனை கோடு போடு.

டிரைவரின் மனசோ வேறு ஒன்று சொல்லும். அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான். ரிவர்ஸே எடுக்கவேண்டாம். இந்தப் பக்கம் நுழைந்து, நின்று, தூங்கி எழுந்து, அந்தப் பக்கமாக நேராகப் போய்விடவேண்டும். இதற்கு 'புல் த்ரூ' என்று பேர். அரசாங்க ஓய்விடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் சாய்வாகக் கோடு போட்டிருப்பார்கள். குட்டித் தூக்கத்துக்கு டிரைவர்கள் ஓய்விடத்தையும், ராத்திரி முழுக்கத் தங்க டிரக் ஸ்டாப்பையும் விரும்புகிறார்கள் என்று 2002-ல் வெளியான மத்திய நெடுஞ்சாலைத் துறை ஆய்வு சொன்னது. உள்ளே போய் வெளியே வரச் சுலபம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இப்போது கணக்கு. பாதையோரமாக 300 அடி நீளம் இருக்கிறது என்று வையுங்கள். லாரிகளை நேர் செங்குத்தாக, ரிவர்ஸில் வந்து நிற்கிற மாதிரி கோடு போட்டால், 12 அடிக்கு ஒன்று என்று 25 லாரி நிற்கும். 45 டிகிரி சாய்த்துப் போட்டால், அதே 12 அடி அகலம் பாதையோரத்தில் 17 அடியாக நீளும். 17 லாரிதான். எட்டு போச்சு. போதாக்குறைக்கு, நேராகப் புகுந்து நேராகப் போவதற்கு வரிசையின் இரண்டு பக்கமும் பாதை விடவேண்டும்.

முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அந்த 25-லும் ஒரு வில்லங்கம் உண்டு. செங்குத்தாக ரிவர்ஸ் எடுத்து நிறுத்த, எதிரே இருக்கிற பாதை லாரியின் நீளத்தைவிட அகலமாக இருக்கவேண்டும். அதையும் சுருக்கிவிட்டால்? நாற்பது தடவை முன்னே பின்னே ஆட்டி ஒரு டிரைவர் நுழைவதற்குள் பின்னால் எட்டு வண்டி நிற்கும். பொறுமையிழந்த ஒருவர் இடுக்கில் புகுந்து போவார். தூங்கிக்கொண்டிருக்கிறவர் வண்டியின் முன்பக்கம் பெயர்ந்துவிடும். பாதை முனையில் இருக்கிற கடைசி இடத்தில் அனுபவசாலி டிரைவர்கள் நிறுத்தவே மாட்டார்கள். ராத்திரி இடி வாங்குவது அந்த மூக்குதான்.

இதில் இன்னொரு நுணுக்கம். அமெரிக்காவில் டிரைவர் உட்காருவது இடது பக்கம். எனவே ட்ரெய்லரின் வால் இடது பக்கமாக வளைந்து உள்ளே போனால் அவர் ஜன்னல் வழியாகவே பார்த்துவிடலாம். வலது பக்கம் வளைந்தால்? கண்ணாடியில் தன் ட்ரெய்லரின் பக்கவாட்டுத் தகரம் மட்டும்தான் தெரியும். பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. குருட்டுப் பக்கம் என்றே இதற்குப் பேர். அதனால் ஒரு லாரி நிறுத்துமிடத்தை வடிவமைக்கிறவர் முதலில் யோசிக்கவேண்டியது, எத்தனை கோடு என்பது அல்ல. வண்டிகள் எந்தத் திசையில் சுற்றிவரப் போகின்றன என்பது. ஒரு வழிப் பாதையாக்கி, காலி இடங்கள் டிரைவரின் இடது கைப் பக்கம் வருகிற மாதிரி சுற்றவிட்டால், வாலும் இடது பக்கமே போகும். பாதி வேலை முடிந்தது. கோட்டையும் அந்தத் திசைக்கு ஏற்றபடி சற்றுச் சாய்த்துவிட்டால் முழு 90 டிகிரி மடங்கவேண்டியதும் இல்லை. செலவு? பெயிண்ட். அம்புக்குறி. அவ்வளவுதான். ஆனால் அம்புக்குறி அழிந்துபோய் ஒருத்தர் எதிர்த்திசையில் நுழைந்தாரென்றால், மொத்த சாய்வும் அவருக்கு எதிரியாகிவிடும்.

தரையும் முக்கியம். கழற்றிவிட்ட ட்ரெய்லர் முன்னால் இரண்டு இரும்புக் காலில் நிற்கும். கோடையில் தார் இளகினால் அந்தக் கால் அப்படியே புதையும். டீசல் சிந்தினால் தார் கரையும். கான்கிரீட் போட்டால் நிற்கும், ஆனால் செலவு. காரில் வருகிற குடும்பத்துக்குத் தனி வாசல் வேண்டும். லாரி திரும்பும்போது அதன் வயிற்றுக்கடியில் கார் மாட்டுவதெல்லாம் நடக்கிற காரியம். ஐஸ்கிரீம், இறைச்சி ஏற்றி வருகிற குளிர்சாதன ட்ரெய்லர்கள் ராத்திரி முழுக்க மோட்டார் ஓட்டிக்கொண்டே நிற்கும். பக்கத்து வண்டிக்காரருக்குச் சிவராத்திரி. அவற்றுக்கு ஒரு மூலை ஒதுக்கலாம். விளக்கு வேண்டும், நிச்சயம் வேண்டும், ஆனால் தூங்குகிறவர் கண்ணில் அடிக்கக்கூடாது.

இதையெல்லாம் விரிவாகச் செய்து காட்டுவதற்கு நிலம் ஏராளமாக வேண்டும். அயோவா மாநிலத்தில் வால்காட் என்கிற ஊரில் இருக்கிறது 'அயோவா 80'. உலகத்திலேயே பெரிய டிரக் ஸ்டாப் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1964-ல் ஒரு எண்ணெய் கம்பெனி சின்னதாக ஆரம்பித்தது. மறு வருஷம் நடத்த வந்த பில் மூன் என்பவர், 1984-ல் அதை விலைக்கே வாங்கினார். சுற்றிலும் சோளக்காடு. விரித்துக்கொண்டே போனார்கள். 900 லாரி நிற்கும். முடிவெட்டலாம், பல் பிடுங்கிக்கொள்ளலாம், சினிமா பார்க்கலாம். ஒரு டிரக் மியூசியம்கூட உண்டு. நம் நாட்டுக்காரர்களும் இந்தத் தொழிலில் சும்மா இல்லை. பஞ்சாபி டிரைவர்கள் பெருகியதால் சில நெடுஞ்சாலைகளில் தாபாவே வந்துவிட்டது. பாலைவனத்து டிரக் ஸ்டாப்பில் சூடாகப் பராத்தாவும் டீயும்.

ஆனால் வால்காட்டில் 900 லாரி நிற்கிறது என்பதால், ஆயிரம் மைலுக்கு அப்பால் தூக்கம் வருகிறவனுக்கு என்ன லாபம்? எல்லா ஊரும் சோளக்காடு இல்லை. துறைமுகங்கள், பெரிய நகரங்கள், கிடங்குகள் இருக்கிற இடத்தில்தான் லாரி குவியும். அங்கேதான் நிலம் தங்க விலை. அங்கேதான் 'எங்கள் தெருப்பக்கம் டிரக் ஸ்டாப் வேண்டாம்' என்று ஊர்க்காரர்கள் மனு கொடுப்பார்கள். கடையில் பால் வேண்டும். பால் கொண்டுவருகிறவன் மட்டும் வேண்டாம்.

இதற்கு நடுவே லாரி வளர்ந்துகொண்டே போனது. 1980-ல் ஜிம்மி கார்ட்டர் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். கம்பெனிகள் புற்றீசலாகப் பெருகின. 1982-ல் ரீகன் காலத்துச் சட்டம், பெரிய நெடுஞ்சாலைகளில் 48 அடி ட்ரெய்லரை எந்த மாநிலமும் தடுக்கக்கூடாது என்றது. கொஞ்ச வருஷத்தில் 53 அடி சர்வசாதாரணமாகிவிட்டது. பழைய கோடுகள் அப்படியே கிடந்தன. கோட்டுக்கு வெளியே மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மூக்கும் எதிர்ப் பாதையைச் சில அடி தின்னும். அடுத்து வருகிறவருக்குத் திரும்ப இடம் போதாது. கண்ணுக்கு முன் காலியிடம் இருந்தும் நுழைய முடியாமல் போகிற பரிதாபம் இப்படித்தான்.

போனால் எங்கே போவார்? நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற சரிவுப் பாதையின் ஓரத்தில் நிறுத்திவிட்டுப் படுப்பார். 1998 ஜூனில் பென்சில்வேனியாவில் பர்ன்ட் கேபின்ஸ் என்ற இடத்தில், சாலையோர அவசர நிறுத்தத்தில் இரண்டு லாரிகள் நின்றிருந்தன. விடியற்காலை ஒரு கிரேஹவுண்ட் பஸ் சாலையைவிட்டு விலகி அதில் மோதியது. பஸ் டிரைவரும் ஆறு பயணிகளும் இறந்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, அரசாங்க ஓய்விடங்களில் 28,400 லாரிகளுக்கு இடம் போதவில்லை என்று ஒரு ஆய்வு எழுதி வைத்திருந்தது. விபத்து விசாரணை வாரியமும் 2000-ல் தனியாக ஒரு அறிக்கை வெளியிட்டது. அறிக்கைகளுக்கு எந்த நாட்டில்தான் பஞ்சம்?

அடுத்து, கடிகாரம் இறுகியது. 2004-ல் புதிய விதி. ஓட்டுவது 11 மணி நேரம். ஆனால் வேலையைத் தொடங்கிய நிமிஷத்திலிருந்து 14 மணி நேரத்தில் அன்றைய ஓட்டம் முடிந்தாகவேண்டும். பிறகு 10 மணி நேரம் ஓய்வு. முன்பெல்லாம் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் வேலை நேரக் கணக்கு நிற்கும். இப்போது, சில விலக்குகள் தவிர, தூங்கினாலும் ஓடும். கிடங்கு வாசலில் மூணு மணி நேரம் காக்கவைத்தாலும் ஓடும்.

அப்போதும் சமாளித்தார்கள். எப்படி? பொய்க் கணக்கு. டிரைவர்கள் கையால் எழுதுகிற நேரப் பதிவேட்டுக்கு அவர்களே வைத்த செல்லப் பேர் 'காமிக் புத்தகம்'. உள்ளே இருப்பது அவ்வளவு உண்மை. இடம் கிடைக்காமல் கூடுதலாக முக்கால் மணி நேரம் அலைந்தால் பேனாவில் சரி செய்துகொள்ளலாம். 2017 டிசம்பரில் அதுவும் போயிற்று. இஞ்சினோடு இணைத்த எலெக்ட்ரானிக் கருவி கட்டாயமானது. அதனிடம் பேனா கிடையாது. இரக்கமும் கிடையாது. இன்னும் ஏழு நிமிஷம் என்றால் ஏழு நிமிஷம்தான்.

ராத்திரி பத்து மணி. மழை. கருவியில் இருபது நிமிஷம் பாக்கி. நுழைகிற டிரக் ஸ்டாப்பில் நாலு வரிசை. கோடு அழிந்திருக்கிறது, அம்புக்குறி இல்லை. காலியிடம் ஒன்று தெரிகிறது. வலது பக்கம், குருட்டுப் பக்கம். பின்னால் ஹாரன். இந்த நிலைமையில் அந்த மனிதருக்கு அந்த முற்றத்தின் வரைபடம்தான் எல்லாமே.

பயந்து சிலர் சீக்கிரமே நிறுத்திவிடுகிறார்கள். டிரைவர்கள் தினமும் சராசரியாக 56 நிமிஷ ஓட்டத்தை, இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனம் 2016-ல் கணக்கெடுத்துச் சொன்னது. அங்கே பல டிரைவர்களுக்கு மைலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நின்றால் காசு இல்லை. இதையே மோப்பம் பிடித்த பெரிய டிரக் ஸ்டாப் கம்பெனிகள், 2010-களில் கட்டணம் கட்டி இடத்தை முன்பதிவு செய்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தன. டிரைவர்கள் பொருமினார்கள். இலவசமாக இருந்த இடத்தில் கொஞ்சத்தைத்தானே எடுத்து விற்கிறாய் என்று. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. இலவசம் என்று சொல்லிவிட்டு இடமே தராமலிருப்பதைவிட, காசு வாங்கிக்கொண்டு ஒரு இடத்தைக் காத்து வைப்பது மேல். ஆனால் அந்தக் காசை லாரிக் கம்பெனி தரவேண்டும். கூலிக்காரர் பையிலிருந்து போவது அக்கிரமம்.

ரிவன்பர்க்கின் மனைவி ஹோப், கணவரை அடக்கம் செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு கடிதம் எழுதினார். டிரைவர்களைத் திரட்டினார். வாஷிங்டன் படியேறினார். மூன்று வருஷம். 2012 ஜூலை 6-ம் தேதி அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட பெரிய நெடுஞ்சாலைச் சட்டத்துக்குள் 'ஜேசன் சட்டம்' ஒரு பிரிவாகச் சேர்ந்தது. லாரி நிறுத்துமிடம் கட்ட மத்திய நிதியைப் பயன்படுத்தலாம், நாடு முழுக்கக் கணக்கெடுக்கவேண்டும் என்றது அது. பயன்படுத்தலாம். கவனியுங்கள், 'லாம்'. இதற்கென்று தனியாக ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. அதே பணத்துக்குப் பாலமும் வரிசையில் நிற்கும், சாலையும் நிற்கும்.

கணக்கெடுப்பு நடந்தது. 2019 கணக்குப்படி நாடு முழுக்க சுமார் 3,13,000 லாரிகள் நிற்க இடம். அதில் அரசாங்கத்துடையது 40,000. மீதி 2,73,000 தனியார். டிரைவர்கள் சுமார் 35 லட்சம் பேர். எல்லோருமே வெளியூரில் தூங்குகிறவர்கள் இல்லைதான். ஆனாலும், பாதுகாப்பான இடம் கிடைப்பது சிரமமாக இருக்கிறது என்று சொன்ன டிரைவர்கள் எத்தனை சதவீதம் தெரியுமா? 98. நாலு வருஷம் முன்னால் வந்த முதல் கணக்கெடுப்பில் இது 75-ஐத் தாண்டி இருந்தது. சட்டம் வந்தபிறகு ஏறியிருக்கிறது!

கட்டுவது அவ்வளவு கஷ்டமா? 2022-ல் டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில்லுக்குக் கிழக்கே 125 லாரிகளுக்கு நிறுத்துமிடம் கட்ட மத்திய அரசு 2.26 கோடி டாலர் மானியம் தந்தது. வகுத்துப் பாருங்கள். ஒரு லாரிக்கு 1,80,000 டாலர். ஃப்ளோரிடாவில் 120 லாரிகளுக்கு ஒன்றரைக் கோடி. நிலம், கான்கிரீட், விளக்கு, வடிகால், சாலையிலிருந்து நுழையும் வழி எல்லாம் சேர்த்து அவ்வளவு ஆகிறது. இதைத்தான் இத்தனை வருஷமாக டிரக் ஸ்டாப்காரர்கள் இலவசமாகத் தரவேண்டும் என்று தேசம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. ஓய்விடங்களில் கடை வைக்க அனுமதித்தாலாவது வருமானம் வரும், பெரிதாக்கலாம் என்று அவ்வப்போது யாராவது சொல்வார்கள். உடனே அதே டிரக் ஸ்டாப்காரர்களின் சங்கம் கொடி பிடித்துவிடும். 1956-ல் போட்ட தடையால் பிழைப்பு நடத்துகிறவர்கள் அவர்கள். விடுவார்களா?

2023 ஜூலை 12-ம் தேதி அதிகாலை. இல்லினாய் மாநிலம், ஹைலேண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓய்விடம். அதற்குப் போகும் சரிவுப் பாதையோரத்தில் மூன்று லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு கிரேஹவுண்ட் பஸ் வந்து அவற்றில் மோதியது. மூன்று பயணிகள் இறந்தார்கள். பர்ன்ட் கேபின்ஸ் விபத்து நடந்து அப்போது 25 வருஷம் ஆகியிருந்தது.

அதே இல்லினாய்க்குப் பக்கத்து மாநிலங்களான இண்டியானா, அயோவா, விஸ்கான்ஸின் உள்பட எட்டு மாநிலங்கள் சேர்ந்து 2019 ஜனவரியில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கின. நெடுஞ்சாலை ஓரத்தில் மின்னணுப் பலகைகள். அடுத்த ஓய்விடத்தில் இப்போது எத்தனை லாரிக்கு இடம் காலி என்று எண் ஒளிரும். சென்சார் எண்ணிச் சொல்கிறது. டிரைவர் அதைப் பார்த்து, இங்கேயே நிற்கலாமா, அடுத்ததுக்குப் போகலாமா என்று முடிவெடுக்கலாம். நல்ல ஏற்பாடு. அலைச்சல் குறைகிறது. ஆனால் பலகை இடத்தை எண்ணும். இடத்தை உண்டாக்காது. சாயங்காலம் பதினான்காகவோ இருபதாகவோ இருக்கிற அந்த எண், இருட்ட இருட்டக் குறைந்துகொண்டே வரும்.